விலையாவணம், பகடி, போட்டோ பாஸ்

சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை முடிவுறும் இடத்தில் இரு சொற்கள் இணைந்து வரும்: விலையாவணம், பொருட்செலவோலை. முன்னது விற்றதற்குச் சான்று. பின்னது விலைப்பணம் செலுத்தப்பட்டதற்குச் சான்று. ஒரே ஆவணம் இரண்டுமாக நிற்கும் என்று எழுதிக்கொண்டார்கள். இன்றைய தமிழகத்தின் கிரயப் பத்திரமும் அவ்விரு வேலைகளையும் சேர்த்தே செய்கிறது. அதற்கு முன் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும்; அதற்குப் பின் பட்டா மாற்றம். மும்பைத் தமிழர் வீடு வாங்கியபோது இச்சொற்களுள் பல பயனற்றுப் போயின. அதை மொழிக்கலப்பு என்று மட்டும் விளக்குவது போதாது. வாங்கப்பட்ட பொருளே வேறு.

மாட்டுங்காவிலிருந்து தொடங்கலாம். 1896-இன் பிளேக்கை அடுத்து 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அங்கே மனைகளை வகுத்தது. அவற்றில் எழுந்த மாடிக் கட்டடங்களில் தென்னிந்திய அலுவலகக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறின. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்தியது. சட்ட வாடகைக்கும் சந்தை மதிப்புக்கும் இடையே விரிந்த பள்ளத்தில் செழித்ததே ‘பகடி’. மராத்தியில் அது தலைப்பாகை. (தமிழ்ச் செவிக்குக் கேலி என்று ஒலிப்பது தற்செயல், ஆயினும் பொருந்தாது என்று சொல்ல மனம் வரவில்லை.) புதிதாக வருபவர் பெருந்தொகை தருவார், கட்டட உரிமையாளர் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார், மிச்சம் வெளியேறும் குடித்தனக்காரருக்கு. இதில் இறுதிச் செயல் கிரயப் பதிவு அன்று, வாடகை ரசீதில் பெயர் மாறுவது. விலையாவணம் மறைந்து ரசீது மட்டும் எஞ்சுகிறது. அதுவும் வாடகைக்கான ரசீது, விலைக்கானது அன்று. பகடி வாங்குவதே அன்று குற்றம். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31-இல் நடைமுறைக்கு வந்த பிறகே அது சட்டத்துக்குள் வந்தது.

செம்பூரின் சொசைட்டி அடுக்ககங்களில் பதிவு உண்டு, முத்திரைத் தீர்வை உண்டு. ஆனால் சங்கத்தின் பங்குச் சான்றிதழில் பெயர் ஏறினால்தான் வேலை முடிந்தது என்பார்கள். நிலத்தைச் சங்கத்துக்கு மாற்றித் தரும் ‘கன்வேயன்ஸ்’ கட்டுநரின் கடமை என்று 1963-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தும், பலர் தரவில்லை. அவர் ஒத்துழைக்காமலே அதைப் பெறும் வழி 2008-இன் திருத்தத்தில்தான் வந்தது.

தாராவியில் நிலம் பெரும்பாலும் அரசுடையது அல்லது மாநகராட்சியுடையது. எனவே கைமாறுவது குடியிருப்பு மட்டுமே: நோட்டரி முத்திரையிட்ட ஒப்பந்தம், பவர் பத்திரம், மின்கட்டண ரசீது, 1976-ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பையொட்டி வழங்கப்பட்ட போட்டோ பாஸ். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிபடக் கூறியது. எனினும் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் இத்தாள்களே கேட்கப்படுகின்றன. தாராவிக்குள் இலவச வீடு பெற, அந்தத் தரைத்தளக் குடியிருப்பு 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்ததைக் காட்ட வேண்டும். பின்னர் வாங்கியவர், தமக்கு விற்றுவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பியவரின் பழைய தாள்களைத் தேடிச் செல்கிறார். தாய்ப்பத்திரம் என்ற சொல் அங்கே வழங்குவதில்லை, தேடப்படுவது அதுதான்.