சோழவரம்: ரேஸுக்கு முன்னால் ஒரு யுத்தம்

சோழவரம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஏரி, அடுத்து கார் ரேஸ் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தத் தரை ரேஸுக்காகப் போட்டதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவசரமாகப் போட்ட விமான ஓடுபாதை அது.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8ல் ரங்கூன். ஏப்ரல் 5ல் கொழும்பு, 6ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ல் திருகோணமலை என்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது நாம்தான் என்று மதராஸ் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

விமானங்களை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரே குண்டுவீச்சில் எல்லாம் போய்விடும். அதனால் பல இடங்களில் பிரித்து நிறுத்த வேண்டும். இந்தியா முழுக்க 200க்கும் மேற்பட்ட விமானத் தளங்களுக்கு வெள்ளைக்கார அரசு திட்டம் போட்டது. நம்மைச் சுற்றி மட்டுமே சோழவரம், தாம்பரம், அரக்கோணம் என்று ஓடுபாதைகள் வந்தன. செங்குன்றத்தில் ஓடுபாதைகூட வேண்டியிருக்கவில்லை. நீரில் இறங்கும் காட்டலினா விமானங்களுக்குப் புழல் ஏரியே தளமானது. அங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்த்து வந்தார்கள்.

இதற்கெல்லாம் சட்டம் கையில் இருந்தது. 1939ம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, யுத்தத் தேவை என்று சொல்லி அரசு யார் நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நஷ்டஈடு உண்டு, மறுக்கும் உரிமை கிடையாது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், 'தற்காலிகம்' என்று ஃபைலில் ஏறும் சொல்லுக்கு ஆயுள் அதிகம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சண்டை முடிந்ததும் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு வழியில் போனது. தாம்பரம் விமானப்படையிடம் இருக்கிறது. அரக்கோணம் 1992 மார்ச் 11 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. புழல் மறுபடி வெறும் குடிநீர் ஏரியானது. சோழவரத்து ஓடுபாதையில் 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. நீளமான, சமமான, கெட்டியான தரை வேறு எங்கே கிடைக்கும்? கரிவரதன் போன்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனோம். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்ததும் அந்தச் சத்தமும் ஓய்ந்தது.

ஜப்பான் பயம் மூன்றரை வருஷம். ரேஸ் சுமார் முப்பத்தைந்து வருஷம். ரேஸில் ஜெயித்தவர்கள் பெயர் பத்திரிகையில் வந்தது. யுத்தத்துக்காக நிலம் விட்டவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நம் பக்கத்து வீடுகளில் பழைய பத்திரமோ நஷ்டஈட்டு நோட்டீஸோ பரணில் கிடந்தால், குப்பை என்று போடாமல் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். இந்தச் சரித்திரத்தில் அந்தப் பக்கம்தான் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.