புகையைத் தின்ற அடுப்பு

திமிரிப் பக்கம் வேர்க்கடலைத் தோலை அடுப்பிலிட்டு எரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சடசடவென எரியும், புகையோ கண்ணைக் கரிக்கும். புகை என்பது என்ன? காற்று போதாமல், முழுதும் எரியாது தப்பிச் செல்லும் வாயுக்களும் துகள்களுமே!

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்காவில் மரத்தூளை அழுத்திச் செய்த 'பெல்லட்' எனும் சிறு உருளைகள் எரிபொருளாயின. 1980களில் ஜோ ட்ரேகர் என்பவர், பெல்லட் புகையில் இறைச்சியை வாட்டும் அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அங்கே புகை சுவைக்காக.

நமக்கோ புகையை ஒழிப்பதே தேவை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உருவான பெல்லட் அடுப்பை, 2006இல் பி.பி. நிறுவனம் 'ஊர்ஜா' என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் விற்றது. அதிலுள்ள சிறு விசிறி கீழிருந்து அளவாகக் காற்றைச் செலுத்தும். பெல்லட்டிலிருந்து எரியும் வாயு எழும். மேலேயுள்ள துளைகளின் வழியே வரும் காற்று அவ்வாயுவை எரித்துவிடும். புகையாகப் போக வேண்டியது சுடராகிறது!

ஏறக்குறைய 4 லட்சம் அடுப்புகள் விற்பனையாயின. ஆனால் பெல்லட் செய்யப் பயன்பட்ட விவசாயக் கழிவுகளுக்குத் தொழிற்சாலைகளும் போட்டியிட்டன. பெல்லட் விலை ஏறிற்று. பல வீடுகளில் அடுப்பு மூலைக்குப் போனது. பெண்கள் மீண்டும் புகையில் அமர்ந்தனர்.

அடுப்பின் பௌதிகம் பொய்க்கவில்லை; எரிபொருள்தான் எட்டவில்லை. இன்று விலையுயர்ந்த பெல்லட் அடுப்பு வாங்க நினைப்பவரும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அடுத்த ஆண்டும் பெல்லட் நம் ஊரில், நமக்குக் கட்டும் விலையில் கிடைக்குமா?