தொலைவிலிருந்து கற்ற சுகாதாரம்

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணாக்கர் வேறோரிடத்திலும் இருக்க, நூலும் அஞ்சலும் இருவரையும் இணைக்கும் முறையைத் தொலைக்கல்வி என்கிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பகலில் உத்தியோகம் பார்த்து இரவிற் பாடம் படித்து முன்னேறியோர் பலர். சட்டத்தையும் கணக்கியலையும் இவ்வாறு கற்றல் கூடும் என்பதை எவரும் மறுப்பதில்லை. உடல்நலக் கல்வியையும் இவ்வாறு பெறல் கூடுமோ என்பதே வினா. இவ்வினா புதியதன்று. அதற்கு நம் நாட்டு வரலாறு தரும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1858ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், கல்லூரிக்குச் செல்லாதோரும் தன் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் எனக் கதவைத் திறந்தது. கொழும்பும் அதனாற் பெரும்பயன் அடைந்தது. 1921இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பரீட்சைகளுக்கே மாணாக்கரை ஆயத்தம் செய்தது. ஆனால் 1858இல் திறந்த அக்கதவு ஒரு துறைக்கு மட்டும் மூடியே இருந்தது. அத்துறை மருத்துவம். நோயாளியைக் காணாது மருத்துவம் கற்றல் ஆகாது என அன்றையோர் கருதினர். அக்கருத்தில் நியாயம் இல்லை என்று கூறுதல் இயலாது.

கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870இல் திறக்கப்பெற்றது. வன்னிப் பகுதியிற் குடிசனம் அருகிவந்த காரணத்தை ஆராய்ந்த மருத்துவர் ஜேம்ஸ் லூஸ் என்பாரே அதன் முதல் அதிபர். பறங்கிப் புண் முதலாய நோய்களால் நலிந்த தமிழ்க் கிராமங்களின் துயரம், தலைநகரில் ஒரு கலைக்கூடம் எழுதற்கு ஏதுவாயிற்று. எனினும் அங்குக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலம் அறியாக் கிராமத்தவருக்கு அதன் வாயில் எட்டாததாயிற்று.

இதற்கு முன்னரே வடக்கில் வேறொரு முயற்சி வேரூன்றியிருந்தது. அமெரிக்க மிசன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து, மருத்துவம் செய்ததோடு அதனைக் கற்பித்தும் வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864 அளவில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகம் நாடி அயலிடம் செல்வர். தமிழிற் பயின்றோர் தம் ஊரிலேயே தங்கி ஊராருக்கு உதவுவர் என்பது அவர் கண்ட உண்மை.

அவர் முயற்சியால் வெளிவந்த நூல்களுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது 1857இல் வெளிவந்த அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலாகும். அங்காதிபாதம் உடலமைப்பையும், சுகரணவாதம் உடற்றொழிலையும், உற்பாலனம் சுகாதாரத்தையும் குறிக்கும். இதன் மூலநூலை அமெரிக்கராகிய கல்வின் கட்டர் கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் உரியதாக இயற்றினார். ஆகவே, கல்லூரிச் சுகாதாரப் பாடநூல் ஒன்று கொழும்பு மருத்துவப் பாடசாலை தோன்றுதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் முன்னரே தமிழில் உலவியது என்க.

உடல்நலங் குன்றிய கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அத்தோடு பணி நின்றுவிடவில்லை. மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஊஸ்ரர் நகரிலிருந்தவாறே, மானிப்பாயில் தம்மிடம் பயின்றோரோடு அஞ்சல் வாயிலாகத் தொடர்பு பூண்டு, தமிழ் மருத்துவ நூல்களைத் தொடர்ந்து உருவாக்கினார். 1875இற் ‘கெமிஸ்தம்’ வந்தது. 1883இல் ‘மனுஷ சுகரணம்’ வந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். கடல்கள் இடையிட்ட ஓர் ஆசிரியர் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் தமிழருக்கு உடல்நூல் புகட்டினார் எனின், தொலைக்கல்வியின் வரலாற்றில் மானிப்பாய்க்கும் ஓர் இடம் உண்டு.

இனி, கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தைக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள நாவலையில் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. 1994இல் அது, கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, தாதியருக்கான பட்டக் கல்வியைத் தொலைமுறையில் ஆரம்பித்தது. 1858இல் மூடியிருந்த கதவு எவ்வாறு திறந்தது? அஞ்சல் நோயாளியைக் கொண்டுவந்து காட்டவில்லை. நோயாளியின் அருகே ஏற்கெனவே பணிபுரிந்த, பயிற்சி பெற்ற தாதியரையே அப்பல்கலைக்கழகம் மாணாக்கராகக் கொண்டது. கிறீனின் கடிதங்களைப் பெற்றோரும் அவரது மருத்துவமனையில் முன்னரே கைப்பயிற்சி பெற்றவரே. அறிவைத் தபால் சுமக்கும், கைப்பழக்கத்தைச் சுமக்காது. இதுவே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை.

சுகாதாரக் கல்வியோ மருத்துவத்தினும் வேறுபட்டது. அதன் ஆய்வுகூடம் மாணாக்கனது இல்லமே. கிணறும் அடுக்களையும் வடிகாலும் அவன் கண்முன் உள்ளன. பாடத்தைப் படித்தவுடன் பரீட்சித்துப் பார்க்கலாம். 1926இற் களுத்துறையில் நிறுவப்பெற்ற முதலாவது சுகாதாரப் பிரிவு, சிகிச்சையினும் தடுப்பே சிறந்தது எனக் கொண்டு வீடுவீடாகச் சென்றதும் இக்காரணம்பற்றியே. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000இற்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு பெருகும் இடம் பூச்சாடியும் கூரைப் பீலியும் வீசியெறிந்த சிரட்டையுமாம். கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தோட்ட வீடுகளிலும் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் அவற்றைக் கவிழ்த்துவைக்க வேண்டிய கை, மருத்துவரின் கையன்று, வீட்டாரின் கை. அக்கைக்கு அறிவூட்டத் தொலைக்கல்வியினும் ஏற்றது வேறில்லை.

ஆயினும் ஒன்று குறைகிறது. நாவலையிற் தாதியர் பட்டக் கல்வி ஆங்கில வாயிலாகவே ஆரம்பமாயிற்று. உலக நூல்களைக் கற்க ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கற்றவர் அதனை எடுத்துரைக்க வேண்டியது, தமிழும் சிங்களமும் பேசும் தாய்மாரிடத்தன்றோ? ஆசிரியர் அருகிருப்பின் விளங்காத சொல்லை அவரிடமே கேட்கலாம். தனித்திருந்து கற்பவனுக்கு நூலின் மொழியே ஆசிரியன். அது புரியாவிடின் கல்வி அங்கேயே நின்றுவிடும்.

2020இற் பெருந்தொற்றுக் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, மாணாக்கர் அனைவரும் சிலகாலம் தொலைக்கல்வி மாணாக்கராயினர். கருவி பெருகிவிட்டது, கிறீனின் கடிதம் வாரக்கணக்கிற் கடந்த தூரத்தை இன்று பாடம் கணப்பொழுதிற் கடக்கிறது. ஆனால் அப்பாடத்தைத் தெளிந்த தமிழில் ஆக்கும் உழைப்பு இன்னும் மனிதருக்குரியதே. அவ்வுழைப்பை அயல்நாட்டார் ஒருவர் தம் இறுதிக்காலம்வரை மேற்கொண்டார். கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் தமிழ் மாணாக்கர் அதனைத் தம் கடனாக ஏற்பாராயின், உற்பாலனம் என்னும் அம்மறந்த சொல் மீண்டும் நம் இல்லங்களில் உயிர்பெறும்.