பிஸ்கட் லாபம், வட்டிக்குப் போன கதை!

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 1 லட்ச ரூபாய் போட்டு மளிகைக் கடை வைக்கிறீர்கள். வருஷம் 20 ஆயிரம் லாபம். போட்ட பணத்துக்கு 20 சதவிகிதம். பரவாயில்லை!

பக்கத்துத் தெருக்காரரிடம் இருப்பது 10 ஆயிரம்தான். மீதி 90 ஆயிரத்தை 12 சதவிகித வட்டிக்கு வாங்கி, அதே மாதிரி ஒரு கடை போடுகிறார். 20 ஆயிரம் லாபத்தில் வட்டி 10,800 போனால் மிச்சம் 9,200. அதாவது, கைக்காசுக்கு 92 சதவிகிதம் லாபம்! பி.காம். வகுப்பில் இதைத்தான் 'டிரேடிங் ஆன் ஈக்விட்டி' என்பார்கள்.

அடுத்த வருஷம் தெருவுக்குத் தெரு புதுக் கடை முளைக்கிறது. இருவர் லாபமும் 10 ஆயிரமாகக் குறைகிறது. உங்களுக்கு வருமானம் பாதி, அவ்வளவுதான். அவருக்கோ 800 ரூபாய் நஷ்டம். வட்டிக்காரர் வாசலில் நிற்பார்!

இதே கணக்கைத்தான் அமெரிக்காவில் 2,500 கோடி டாலரில் போட்டுப் பார்த்தார்கள்.

கம்பெனியின் பெயர் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ. ஒரு கையில் கேமல், வின்ஸ்டன் சிகரெட். மறு கையில் ஓரியோ, ரிட்ஸ் பிஸ்கட். 1985-ல் சிகரெட் கம்பெனியான ரெனால்ட்ஸ், நபிஸ்கோவை வாங்கியதில் பிறந்த ஜோடி இது. தலைவர் ராஸ் ஜான்சன், கம்பெனி செலவில் விமானப் படையே வைத்திருந்த உல்லாச ஆசாமி!

1988 அக்டோபரில் ஜான்சன் ஒரு குண்டு போட்டார். 'பங்குக்கு 75 டாலர் தருகிறோம். கம்பெனியை நானும் என் கூட்டாளிகளுமே வாங்கிக்கொள்கிறோம்.' பணம்? கடன்தான். கடனை அடைப்பது யார்? அந்தக் கம்பெனியேதான்!

கடன் கொடுக்க ஏன் அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் தெரியுமா? மந்தம் வந்தால் கார் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பிஸ்கட்டையும் சிகரெட்டையும் யார் தள்ளிப்போடுகிறார்கள்? தினமும் காசு கொட்டும் வியாபாரம். போதாததற்கு, வட்டி கட்டினால் வரியும் குறையும்.

மூக்கில் வியர்த்து ஓடி வந்தது கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம். '90 டாலர்' என்றது. ஏலம் சூடுபிடித்து, நவம்பர் கடைசியில் 109 டாலரில் கே.கே.ஆர். ஜெயித்தது. இதில் அவர்கள் போட்ட பணம் சுமார் 150 கோடி டாலர்தான். பெரும்பகுதி கடன். நம்ம பக்கத்துத் தெருக்காரரேதான்!

அப்புறம் என்ன ஆயிற்று? பிஸ்கட் விற்றது. சிகரெட் விற்றது. ஆனாலும் 1989, 1990 இரண்டு வருஷமும் நிகர நஷ்டம். வியாபாரம் சம்பாதித்ததையெல்லாம் வட்டி விழுங்கியது. கடனைக் குறைக்க ஐரோப்பிய பிஸ்கட் கம்பெனிகளை விற்றார்கள். நம்ம ஊர் பிரிட்டானியாவில் நபிஸ்கோவுக்கு இருந்த பிடியும் அந்தக் காலகட்டத்தில்தான் கைமாறியது. ரெனால்ட்ஸ் பிறந்த வின்ஸ்டன்-சேலம் ஊரில் ஆட்குறைப்பு வேறு. பங்கு வைத்திருந்தவருக்கு செக் வந்தது. மெஷினில் நின்றவருக்குச் சீட்டுக் கிழிந்தது.

சில கடன் பத்திரங்களில் ஒரு கண்ணி இருந்தது. பத்திரத்தின் விலை சரிந்தால் வட்டியை உயர்த்தித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சரிந்தது! 1990-ல் கே.கே.ஆர். இன்னும் 170 கோடி டாலரைப் போட்டுத்தான் மூச்சு விட முடிந்தது.

அசல் அடி 1993 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை விழுந்தது. போட்டிக் கம்பெனியான ஃபிலிப் மோரிஸ், மார்ல்பரோ பாக்கெட் விலையை அதிரடியாக 40 சென்ட் குறைத்தது. பங்குச் சந்தையில் அதன் விலையும் ஒரே நாளில் ஏறக்குறைய கால்வாசி சரிந்தது. ஆனால், அதற்கு அடி தாங்கும் உடம்பு. ரெனால்ட்ஸும் விலையைக் குறைத்தாக வேண்டும். வட்டியையும் கட்டியாக வேண்டும். வட்டிக்காரர் விலைக் குறைப்பு செய்ய மாட்டாரே!

1995-ல் கே.கே.ஆர். தன் பங்குகளைக் கொடுத்து வேறொரு கம்பெனியை மாற்றிக்கொண்டு கழன்றது. கை சுட்டதுதான் மிச்சம். 1999-ல் வெளிநாட்டு சிகரெட் வியாபாரம் ஜப்பான் டொபாக்கோவிடம் போனது. 2000-ல் நபிஸ்கோவும் விலை போனது. வாங்கியது யார் என்கிறீர்கள்? அதே ஃபிலிப் மோரிஸ்!

பாடம் படித்தார்களா? 2015-ல் கிராஃப்டும் ஹைன்ஸும் இணைந்தன. சுமார் 3,000 கோடி டாலர் கடன். செலவைக் கசக்கிப் பிழிந்தார்கள். 2019 பிப்ரவரியில், பிராண்டுகள் உள்ளிட்ட சொத்துகளின் மதிப்பில் 1,540 கோடி டாலரை ஒரே மூச்சில் வெட்டி எழுதினார்கள். டிவிடெண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு!

கடனே கூடாது என்று சொல்ல வரவில்லை. கடனில் ஃபேக்டரி கட்டினால், அந்த ஃபேக்டரி வட்டி கட்டும். நபிஸ்கோ கதையில் கடன் வாங்கியது பழைய முதலாளியிடமிருந்து புது முதலாளி கம்பெனியை வாங்க. ஓர் அடுப்புகூடக் கூடவில்லை. வட்டி மட்டும் கூடியது.

பிராண்ட் என்பது தினமும் தீனி கேட்கும் ஜீவன். விளம்பரம், புதுச் சுவை, போட்டி வந்தால் விலைக் குறைப்பு... எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். அடுத்த முறை பிஸ்கட் கம்பெனி பங்கு வாங்கப் போகிறீர்களா? ஆண்டறிக்கையில் விற்பனையைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். விரலைக் கீழே இறக்கி, வட்டி என்ற வரியில் நிறுத்துங்கள். லாபம் பாதியானாலும் அந்த வட்டியைக் கட்ட முடியுமா? அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.