ஹாஃப்லிங் மந்திரவாதி: விதிநூல் தடுத்த வில்லன்

ஹாஃப்லிங் என்பது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் வரும் கற்பனை இனமாகும். சுமார் மூன்றடி உயரமுடைய இவ்வினத்தில் ஒரு கொடிய மந்திரவாதியை உருவாக்குவது இன்று எளிது. ஆனால் 1974இல் இவ்விளையாட்டு வெளிவந்தது முதல் 26 ஆண்டுகள் அதன் முதன்மை விதிநூல்கள் அதற்கு இடம் தரவில்லை.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய முதல் பதிப்பில் இவ்வினத்தின் பெயர் 'ஹாபிட்'. இது டோல்கீன் 1937இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்த பெயர். உரிமையாளர்கள் ஆட்சேபித்ததால் 1970களின் பிற்பகுதியில் அச்சொல் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக வந்த 'ஹாஃப்லிங்' என்ற சொல்லையும் டோல்கீன் கையாண்டவர்தான். எனினும் பாதி வளர்ந்த பையனைக் குறிக்கும் பழைய ஸ்காட்லாந்து வழக்குச் சொல்லோடு அது உறவுடையது. எனவே ஒருவருக்கே சொந்தம் என்று அதைக் கூற இயலாது.

பெயர் மாறினாலும் தடை மாறவில்லை. 1974 விதிப்படி ஹாபிட் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம். அதுவும் நான்காம் நிலைக்கு மேல் உயர முடியாது. அடுத்த ஆண்டு துணைநூல் ஒன்று திருடன் தொழிலைச் சேர்த்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு மதகுருவாகவும் அனுமதித்தது. மந்திரவாதிக்கான கதவு மட்டும் மூடியே கிடந்தது. மனிதப் பாத்திரங்களே விளையாட்டின் மையமாக இருக்க வேண்டும் என்பது கைகாக்ஸின் எண்ணம். ஹாஃப்லிங்குகளுக்கு மந்திரத்தை எதிர்த்து நிற்கும் இயல்பையும் விதிகள் அளித்திருந்தன. மந்திரம் பலிக்காதவனுக்கு மந்திரம் வராது என்ற தர்க்கம் கதைக்குப் பொருந்தும். ஆனால் அரை ஆள் உயரத்தில் ஒரு கொடுங்கோலனைக் கற்பனை செய்த ஆட்ட நடத்துநர் விதியை மீறியே அவனைப் படைக்க வேண்டியிருந்தது.

1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இவ்விளையாட்டை வாங்கியது. 2000இல் அது வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் எந்த இனமும் எந்தத் தொழிலையும் ஏற்கலாம் என்றாயிற்று. ஹாஃப்லிங்குக்கு உடல் வலிமையில் 2 புள்ளிகள் குறைவு, லாவகத்தில் 2 கூடுதல். அறிவுத்திறனில் குறைவில்லை. மந்திரவாதிக்கு முதன்மையாகத் தேவைப்படுவது அறிவுத்திறனே. அவன் வீசும் நெருப்புக் கோளத்தின் சேதம் உயரத்தைப் பொறுத்ததன்று, அவன் எட்டிய நிலையைப் பொறுத்தது. சிறிய உடல் காரணமாக அவனைத் தாக்குவதும் சற்றுக் கடினம். ஆக, முன்பு தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்டவன் உண்மையில் வலுவான எதிரி.

வில்லத்தனம் வேறு செய்தி. முதல் பதிப்புகளில் ஹாஃப்லிங் இயல்பாகவே நல்லவர். 'டார்க் சன்' (1991) உலகில் மட்டும் மனித இறைச்சி உண்ணும் காட்டுவாசிகள். இவ்வாறு ஓர் இனம் முழுவதற்கும் ஒரே குணம் ஏற்றுவது பின்னாளில் பலத்த விவாதத்துக்குள்ளானது. 2024 விதிநூலில் 'இனம்' என்பதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே கைவிடப்பட்டு, உயிரினவகை எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றது.