உள்ளீட்டுப் பெட்டி

இணையப் படிவத்தில் பெயர், ஊர், கைப்பேசி எண் போன்றவற்றை நிரப்பத் தரப்படும் கட்டம். எச்டிஎம்எல்லில் ‘இன்புட்’ என்ற குறியால் அமைகிறது. 1993-இல் டேவ் ரேகெட்டின் எச்டிஎம்எல்+ வரைவில் இது இடம்பெற்றது. அதே ஆண்டு மொசைக் உலாவியிலும் வந்தது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 இதை முறைப்படுத்தியது.

அந்தத் தரத்தின் அடிப்படை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 எழுத்துத் தொகுதி. தமிழுக்கு அதில் இடமில்லை. தஸ்கி போன்ற குறியாக்கங்களில் தட்டியது, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு பரவிய பிறகே பெட்டிக்குள் தமிழ் தமிழாக நின்றது.

நின்றாலும் அளவுச் சிக்கல் தீரவில்லை. பெட்டியில் எத்தனை எழுத்து ஏறலாம் என்பதை ‘மேக்ஸ்லெங்த்’ கட்டுப்படுத்துகிறது. அது உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணாது. புள்ளி, கால், கொக்கி எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நமக்கு 7 எழுத்து, பெட்டிக்கு 11. ஸ்ரீவில்லிபுத்தூர் 18 இடம் கேட்கும். 15-உடன் நிறுத்திய பெட்டியில் ‘தூர்’ முழுதாக ஏறாது. ஆங்கில ஊர்ப் பெயரை மனத்தில் வைத்து அளவு குறித்ததன் விளைவு இது.

2014-இல் பரிந்துரையான எச்டிஎம்எல்5 மின்னஞ்சல், தொலைபேசி, எண், தேதி என வகைகளைக் கூட்டியது. ‘எண்’ வகையைப் பலர் தொலைபேசிக்கும் போட்டுவிடுகிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியின் எஸ்டிடி குறியீடான 04563-ஐ அதில் இட்டு, ஓரத்து மேல் அம்புக்குறியைத் தொட்டால் 4564 ஆகிவிடும். முன்னிருந்த 0 போய்விடும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்ணுக்கு இந்த வகை ஆகாது.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின், தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்புகிற சிறு முதலாளிகளுக்கும் இந்தப் பெட்டிகளோடு புழக்கம் வந்தது. ஜிஎஸ்டி எண் 15 இடம்: தமிழகத்துக்கு 33, அடுத்த 10 இடம் பான் எண், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. வாட்ஸப்பில் வந்ததை நகலெடுத்து ஒட்டும்போது முன்னால் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டால், 15 இடமே உள்ள பெட்டியில் அந்தக் கடைசி எழுத்து வெட்டுப்படும். படிவமோ ‘தவறான எண்’ என்று மட்டும் சொல்லும். தட்டியவர் தன் எண்ணையே சந்தேகப்படுவார்.

இடைவெளியை நீக்குவதும், தமிழ்ப் பெயருக்குத் தாராளமாக இடம் விடுவதும் படிவம் எழுதுபவரின் வேலை. நிரப்புபவரின் வேலை அல்ல.