சிபில் ஸ்கோர் செக் பண்ணப் போறீங்களா? அந்த லிங்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2022 ஏப்ரல் மாதம். பாலிவுட் நடிகர் ராஜ்குமார் ராவ் ட்விட்டரில் ஒரு புகார் போட்டார். அவருடைய பான் கார்டை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள், அதனால் தன் சிபில் ஸ்கோர் அடிவாங்கிவிட்டது என்று. சினிமா நட்சத்திரத்துக்கே இந்த நிலைமைன்னா, லாட்ஜ் ரிசப்ஷன், சிம் கார்டு கடை, பிரவுசிங் சென்டர்னு போற இடமெல்லாம் பான், ஆதார் காப்பியைக் கொடுத்துட்டு வந்த நாமெல்லாம் எம்மாத்திரம்?

"நான் என்ன வீடா வாங்கப் போறேன்? லோன் போடும்போது பார்த்துக்கலாம்" என்கிறீர்களா? பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று வங்கி ரத்து செய்தது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமும் வங்கியின் முடிவு சரிதான் என்று சொல்லிவிட்டது. கடன் பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை வேலை அறிவிப்பிலேயே இருந்தது. ஆக, இது லோன் சமாச்சாரம் மட்டும் இல்லை.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிடலாம். நம்ம ஸ்கோரை நாமே பார்த்தால் அது குறையாது. நீங்கள் கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பித்து, வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும். ஒரே வாரத்தில் ஐந்தாறு லோன் ஆப்பில் 'அப்ளை' பட்டனைத் தட்டினால், "ஏன் இவ்வளவு அவசரம் இவருக்கு?" என்று அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

எங்கே பார்ப்பது?

ஜெராக்ஸ் என்பது கம்பெனி பெயர்னு மறந்துபோய் நகலுக்கே அந்தப் பெயரை வெச்ச மாதிரிதான் சிபிலும். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நான்கும் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கோரோடு சேர்த்து முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால், பைசா செலவில்லாமல் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம்.

சிக்கல் ஆரம்பிப்பது, "உங்கள் சிபில் ஸ்கோர் ரெடி" என்று எஸ்.எம்.எஸ்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் லிங்க்கில்தான். அதைத் தொடாதீங்க. கூகுளில் தேடினால் மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். பிரவுசரில் 'சிபில் டாட் காம்' என்று நீங்களே டைப் செய்து போங்க, அதுவும் உங்க சொந்த போனில். பெயர், பிறந்த தேதி, பான் எண், மொபைல் எண், ஓ.டி.பி. இவற்றைக் கேட்பது சரி. இலவச ரிப்போர்ட்டுக்கு ஏ.டி.எம் கார்டு எண்ணோ, யு.பி.ஐ பின்னோ தேவையே இல்லை. அதைக் கேட்டால் அந்த இடத்திலேயே வெளியே வந்துடுங்க. நடுவில் சந்தா கட்டச் சொல்லி ஒரு பக்கம் வரலாம். இலவசமாகத் தொடரும் வழி சின்ன எழுத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கும், பொறுமையாகத் தேடுங்க.

பேமென்ட் ஆப்களிலும் இலவசமாக ஸ்கோர் காட்டுகிறார்களே? பார்க்கலாம், தப்பில்லை. ஆனால், நீங்கள் 'ஓகே' கொடுத்த அனுமதியை வைத்துத்தான் பிறகு 'உங்களுக்கு 5 லட்சம் ரெடி' என்று போன் மேல போன் வரும். இலவசம் என்பதன் விலை அதுதான். என்னைக் கேட்டால், நேரடியாக அந்த நான்கு தளங்களுக்கே போவேன்.

டவுன்லோடு செய்த பி.டி.எஃப்பை லோன் ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது இன்னொரு ஆபத்து. பான் எண், வீட்டு முகவரி, எந்த வங்கியில் எவ்வளவு கடன் எனச் சகலமும் அதில் இருக்கு. நம்ம ஜாதகத்தையே எழுதிக் கொடுக்கிற மாதிரி.

ஸ்கோரைவிட முக்கியம்...

300 முதல் 900 வரைதான் ஸ்கோர். 750-க்கு மேல் என்றால் பொதுவாக நல்லது. இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு எண்ணே வராது, அதைக் கெட்ட ஸ்கோர் என்று நினைத்துப் பதற வேண்டாம். எல்லாரும் இந்த எண்ணைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு மூடிடுறோம். விஷயமே அதுக்குக் கீழேதான் இருக்கு.

உங்கள் பெயரில் உள்ள கடன்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிங்க. வாங்காத கடன் இருக்கா? முடித்த கடன் 'க்ளோஸ்டு' என்று இருக்கா, இல்லை 'செட்டில்டு' என்று இருக்கா? ரெண்டும் ஒண்ணு இல்லை. பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி, பேசி முடித்ததுதான் செட்டில்டு. அடுத்து கடன் கொடுப்பவருக்கு அது சிவப்புக் கொடி. பிறகு விசாரணைப் பட்டியல். பெயரே கேள்விப்படாத நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்திருந்தால், உங்கள் பெயரில் யாரோ கடனுக்கு முயன்றிருக்கலாம். தெரியாத போன் நம்பர், முகவரி இருந்தாலும் உஷார்.

எனக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. முன்பு ஒரு ஆப்பில் 'பே லேட்டர்'ல சாப்பாடு ஆர்டர் பண்ணியிருந்தேன். பாக்கி 312 ரூபாய். இடையில் சிம்மை மாற்றியதால் நினைவூட்டல் எதுவும் வரலை. 'பே லேட்டர்' என்பதும் கடன்தான் என்று ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் உறைத்தது. நான்கு மாதக் கட்டங்களில், எத்தனை நாள் தாமதம் என்று எண் போட்டு வைத்திருந்தார்கள்.

தப்பு அவங்க பக்கம்னா, அந்தத் தளத்திலேயே புகார் எழுப்பலாம், கட்டணம் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்க. அவர்கள் உறுதி செய்யாமல் பதிவைத் திருத்த மாட்டார்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. அப்பவும் நடக்கலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். பான் கார்டை வைத்து மோசடி நடந்திருந்தால் 1930-க்கு அழைத்து சைபர் கிரைம் புகாரும் பதிவு செய்துடுங்க. "5,000 கொடுங்க, ஸ்கோரை ஏத்தித் தர்றோம்" என்பவர்களை நம்பிப் பணத்தை விடாதீங்க. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

என் விஷயத்தில் தப்பு என்னுடையது. 312 ரூபாயோடு அபராதத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினேன். அடுத்த ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' வந்துவிட்டது. அந்த நான்கு கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கு. 36 மாதம் வரை அந்த வரலாறு தெரியுமாம்.